பூ இல்லாத 11 வருடம்

கல்யாண வீடு. பந்தல் போட்டாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு, சமையல்காரர் வந்து இறங்கியாச்சு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் பார்த்து ஊரே வெள்ளத்தில் மிதந்தால் எப்படி இருக்கும்?

2018 ஆகஸ்டில் மூணாறு அப்படித்தான் இருந்தது.

12 வருடம் கழித்து நீலக்குறிஞ்சி பூக்கப்போகிறது என்று ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே பேச்சு. லாட்ஜ்காரர்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஜீப்காரர்கள் டயர் மாற்றினார்கள். டூரிஸ்ட் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று அதிகாரிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஆகஸ்ட் நடுவில் கொட்டியது பாருங்கள் மழை! கேரளாவே தண்ணீருக்குள் போய்விட்டது. மலைச் சாலைகள் சரிந்தன. மூணாறிலிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் இருந்த பெரியவரை பாலம் உடைந்தது. புக் செய்த ரூம்கள் எல்லாம் மளமளவென்று கேன்சல்.

சரி, குறிஞ்சி என்ன செய்தது?

மழை விட்டது, வெயில் எட்டிப் பார்த்தது, பூத்தது. அவ்வளவுதான். பார்க்க ஆள் வந்திருக்கிறதா, டிக்கெட் விற்றதா என்றெல்லாம் அது விசாரிக்கவில்லை. 12 வருடத்துக்கு முன்னால் அதன் அம்மா செடி எதைச் செய்ததோ, அதை இது செய்தது.

பூத்ததைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. நாம் கொஞ்சம் குறுக்கே யோசிப்போம். 12 வருடத்தில் ஒரு வருடம்தான் அது பூக்கிறது. மிச்சம் 11 வருடம் அந்த மலையில் என்ன நடக்கிறது? யாராவது போய்ப் பார்க்கிறார்களா? அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த 11 வருடங்களில்தான் குறிஞ்சியின் நிஜமான சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் ரத்தக்கொதிப்பு ஏற்றும் சரித்திரம்!

*

முதலில் கதாநாயகியை அறிமுகப்படுத்திவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டருக்கு மேலே, நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, மூணாறு வட்டாரப் புல்வெளிச் சரிவுகளில் வளரும் சின்னப் புதர் இது. பெரும்பாலும் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம். குட்டி மணி போல ஒரு பூ. இளநீலத்தில் ஆரம்பித்து ஊதாவுக்குப் போகும் நிறம். ஒற்றைப் பூவைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தால், 'ப்பூ... இவ்வளவுதானா?' என்று கேட்டுவிடுவீர்கள். விஷயம் ஒற்றைப் பூவில் இல்லை. ஒரு மலைச்சரிவு முழுக்க லட்சக்கணக்கான செடிகள் ஒரே நேரத்தில் பூப்பதில் இருக்கிறது.

இதற்கு நம் ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு. தலையில் வைத்துக்கொள்ளும் கனகாம்பரம் இதே குடும்பம். சின்ன வயதில் பட்டாசுக்காய் என்று ஒன்றை எச்சில் தொட்டோ, தண்ணீரில் போட்டோ 'பட்'டென்று வெடிக்கவிட்டு விளையாடியிருப்பீர்களே, அதுவும் பங்காளிதான். குறிஞ்சியின் காயும் அப்படித்தான் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தெறிக்கும் விதை எவ்வளவு தூரம் போகும்? அம்மா காலடியிலேயோ, நாலடி தள்ளியோ விழும். ஆலம்பழம் மாதிரி பறவை தின்று பத்து மைல் தள்ளிப் போய்ப் போடும் சமாசாரம் இல்லை.

பூத்துக் காய்த்து விதை போட்டதும் செடி செத்துப்போகும். மூங்கில் பூத்ததும் பட்டுப்போகிறது அல்லவா, அதே கதை. வாழ்நாளில் ஒரே ஒரு பூப்பு.

ஏன் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? ஏன் எல்லாம் சேர்ந்தே பூக்க வேண்டும்? விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம் ரொம்பவே வியாபாரத்தனமானது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால், பூச்சியும் எலியும் பறவையும் வருடா வருடம் வந்து சுத்தமாகத் தின்றுவிட்டுப் போகும். 11 வருடம் ஒன்றும் கொடுக்காமல் காயப்போட்டுவிட்டு, 12-வது வருடம் மலை முழுக்க விதையைக் கொட்டினால்? வயிறு வெடிக்கத் தின்றாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் முளைப்பதுதான் அடுத்த தலைமுறை.

நடுவில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 'இந்த வருஷமும் குறிஞ்சி பூத்திருக்கிறது' என்று அடிக்கடி பேப்பரில் படம் வரும். பொய்யில்லை. குறிஞ்சி இனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே பல டஜன் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. நீலக்குறிஞ்சியிலேயேகூட மலைக்கு மலை தேதி மாறும். 2022-ல் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை பக்கத்துக் கள்ளிப்பாறையில் பூத்தது. ஆனால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றிலும் பெரிய அளவில் பூப்பது 1994, 2006, 2018 என்ற வரிசையில்தான்.

*

சங்க காலத்துப் புலவர்கள் மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிக்க ஒரு பெயர் தேடியபோது, யானையையோ அருவியையோ தேர்ந்தெடுக்கவில்லை. இந்தப் புதரின் பெயரைத்தான் வைத்தார்கள். குறுந்தொகையின் மூன்றாவது பாடல், குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேர்க்கப்படும் மலைநாட்டைச் சொல்கிறது. செடியின் தண்டு கறுப்பாக இருக்கும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. நேரில் பார்க்காமல் எழுத முடியாத விவரம்.

மலையிலேயே வாழ்ந்தவர்களுக்கு அது பூ மட்டுமல்ல, காலண்டர். பழனி மலையின் பளியர்கள் குறிஞ்சி பூத்த கணக்கை வைத்து வயது சொல்வார்கள். 'எனக்கு அஞ்சு குறிஞ்சி' என்றால் ஆசாமிக்கு அறுபதைச் சொச்சம்! நீங்களும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எழுபது வயது வரை இருந்தால், ஒரு மனிதர் அதிகபட்சம் ஆறு குறிஞ்சிதான் பார்க்க முடியும்.

'நீலகிரி' என்ற பெயர் இந்தப் பூவால் வந்தது என்று ஒரு கட்சி. இல்லை, தூரத்திலிருந்து பார்த்தால் மலை நீலமாகத் தெரிவதால் வந்தது என்று இன்னொரு கட்சி. எப்படியோ, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடர்களை மிரட்டி நீலகிரியைப் பிடித்தான் என்று 1117-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. ஆக, அந்தப் பெயருக்கு வயது 900-க்கு மேல்.

ஆனால் செடிக்கு 'அதிகாரபூர்வமான' பெயர் வைத்தது யார் தெரியுமா? நம் மலைப்பக்கமே வராத ஒரு ஜெர்மன்காரர்! பிரெஸ்லாவ் நகரத்துப் பேராசிரியர் நீஸ் வான் எஸன்பெக். இந்தியாவிலிருந்து அனுப்பிய உலர்ந்த செடிகளை வைத்து 1832-ல் இதை வர்ணித்து, குந்த் என்ற தாவரவியலாளரைக் கௌரவிக்க அவர் பெயரை ஒட்டிவிட்டார். பின்னால் அது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா ஆனது. அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழா ஆற்றை வைத்து வந்த பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுக்கும் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது.

*

இனி, அந்த 11 வருடங்களின் கதைக்கு வருவோம்.

நீலகிரியில் குறிஞ்சி பூத்த வருடங்களின் பட்டியல் 1838-ல் தொடங்குகிறது. 1838, 1850, 1862, 1874 என்று பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 2018-ல் வந்து நிற்கும். மொத்தம் 16 பூப்புகள். ஒவ்வொரு முறை கண் திறந்தபோதும் குறிஞ்சி பக்கத்தில் யாரைப் பார்த்தது என்று பார்ப்போம்.

1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேலே ஏறினார். சில வருடங்களில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார். வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் வரிசையாக மலை ஏற ஆரம்பித்தார்கள். ஆக 1838-ல் குறிஞ்சி கண் திறந்தபோது, எதிரே சர்ச்சும் பங்களாவும் குதிரையும்.

குளிரெடுத்தால் கணப்பு மூட்ட வேண்டுமே? சோலைக்காட்டு மரங்களை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளரும் ஜாதி. வெட்டினால் மறுபடி வர பல தலைமுறை ஆகும். விறகுக்குப் பஞ்சம் வந்தது. அப்போதுதான் ஒரு யோசனை. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். ராக்கெட் வேகத்தில் வளர்ந்தது. அடடா, பிரமாதம்!

எங்கே நடுவது? அங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம்.

சோலைக்காடு பள்ளத்தில் இருக்கும். மேட்டில் எல்லாம் புல்வெளி. அது காடு அழிந்து வந்த புல்வெளி இல்லை. ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே புல்தான். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், வரையாடு துள்ளியதும், குறிஞ்சி வளர்ந்ததும் அங்கேதான். ஆனால், இங்கிலாந்திலிருந்து வந்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? மரம் இல்லை, பயிர் இல்லை, வரி இல்லை. அதனால் கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள்: 'வேஸ்ட் லேண்ட்.' தரிசு.

நான் படித்தது பி.காம். கணக்கு எழுதுகிறவன் கையில் என்ன சக்தி இருக்கிறது என்பது கொஞ்சம் தெரியும். ஒரு சொத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறீர்கள் என்பதில்தான் அதன் தலையெழுத்து இருக்கிறது. 'சொத்து' என்று எழுதினால் பூட்டி வைப்பீர்கள். 'கழிவு' என்று எழுதினால் எடைக்குப் போடுவீர்கள். நீலகிரிப் புல்வெளியை ஒருவர் தப்பான தலைப்பில் எழுதிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைத் திருத்த 150 வருடம் பிடித்தது.

1850-ல் பூத்தபோது ஊட்டியில் தாவரவியல் பூங்கா உருவாகிக்கொண்டிருந்தது. 1862-ல் பூத்தபோது பக்கத்து மலையில் சின்கோனா. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து வேண்டுமென்று தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தொட்டபெட்டாவில் நட்டார்கள். கூடவே காபி, தேயிலை. 1898-ல் பூத்தபோது மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயில் பாதை முடியும் தறுவாயில் இருந்தது. 1910-ல் பூத்தபோது ரயில் ஊட்டிக்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கவனித்தீர்களா? பூத்த வருடம் ஒவ்வொன்றிலும், 'ஆஹா' என்று ரசித்தார்கள். அடுத்த 11 வருடம் புல்வெளியை வெட்டினார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆட்கள்!

*

மூணாறு பக்கம் கதை கொஞ்சம் வேறு.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல்! சின்கோனா, காபி, ஏலக்காய் என்று எதையெதையோ போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். இன்று மூணாறில் நீங்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் பச்சைக் கம்பளம் அப்படி வந்ததுதான்.

ஆனால் ஆனைமுடியை ஒட்டிய இரவிகுளம் புல்வெளியில் தேயிலை ஏறவில்லை. காரணம் பூ மேல் உள்ள பாசம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். தோட்டத்து துரைமார்களுக்குச் சுட வரையாடு வேண்டும்! வரையாட்டுக்குப் புல்வெளி வேண்டும். ஆகவே அதை வேட்டைக் காடாக ஒதுக்கி, அவர்களே ஒரு சங்கம் வைத்து, காவலுக்கு முதுவர்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு உபரி நிலத்தை எடுத்துக்கொண்டது. இரவிகுளம் 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. அங்கே அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது 97 சதுர கிலோமீட்டர் மலை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இன்றைக்கு நீலக்குறிஞ்சி என்றதும் எல்லோரும் ஓடுவது அங்கேதான். துப்பாக்கிக்காரர்கள் காப்பாற்றிக் கொடுத்த பூ. சரித்திரத்துக்குக் குசும்பு ஜாஸ்தி!

ஒரே ஒரு வித்தியாசம்தான். ஊட்டியில் புல்வெளியைத் தரிசு என்று எழுதினார்கள். இரவிகுளத்தில் வேட்டைக் காடு என்று எழுதினார்கள்.

*

கொடைக்கானல் போனவர்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாமல் வந்திருக்க மாட்டீர்கள். அதைக் கட்டியது யார்? ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண்மணி. யாழ்ப்பாணத் தமிழரும் இலங்கையின் பெரும் தலைவர்களில் ஒருவருமான சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து, இந்துவாக மாறி, லீலாவதி ஆனவர். லேடி ராமநாதன் என்று சொல்வார்கள். கணவர் 1930-ல் காலமானார். குறிஞ்சி 1934-ல் பூத்தது. 1936-ல் முருகனுக்குக் குறிஞ்சியின் பெயரிலேயே கோயில் எழுப்பினார். முருகன் வள்ளிக்குக் குறிஞ்சி மாலை போட்டதாகத்தான் மலைக்காரர்கள் சொல்கிறார்களே!

மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அம்மாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். ஒன்று குறிஞ்சியை அழித்தது, ஒருவர் கோயில் கட்டினார்.

வெள்ளைக்காரன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இத்தோடு முடித்துவிட்டால் எனக்கும் சௌகரியம், உங்களுக்கும் சௌகரியம். ஆனால் அது நேர்மை ஆகாது. 1947-க்குப் பிறகுதான் புல்வெளிக்கு நிஜமான அடி விழுந்தது.

1958-ல் குறிஞ்சி பூத்தபோது நீலகிரியில் குந்தா மின் திட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கனடா நாட்டு உதவி. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று வரிசையாக அணைகள். பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போயின. அந்தக் காலகட்டத்துப் படகர்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித் தேன்' என்று நாவலாகவே எழுதினார். குறிஞ்சி பூப்பதை வைத்துத் தலைமுறைகளை அளந்த நாவல்.

அணை கட்டாமல் இருந்திருக்கலாமா? கோவையில் மில் ஓட, கிணற்றில் மோட்டார் ஓட, வீட்டில் பல்பு எரிய கரன்ட் வேண்டியிருந்தது. அதே போல, தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், காகிதத்துக்கும் செயற்கைப் பட்டு நூலுக்கும் மரக்கூழ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்க அந்நியச் செலாவணி இல்லை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு இலங்கைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை அனுப்பியபோது, அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. யாரும் குறிஞ்சி மேல் கோபம் கொண்டு மரம் நடவில்லை. 'சும்மாதானே கிடக்கிறது' என்று நட்டார்கள். அவ்வளவுதான்.

'சும்மா கிடக்கிறது' என்பதுதான் இந்தக் கதையின் வில்லன்.

1973-லிருந்து 2014 வரை எடுத்த சாட்டிலைட் படங்களை வைத்துப் பழனி மலையை ஆராய்ந்தார்கள். அந்தப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு! அதாவது 1970-ல் கொடைக்கானல் மலையில் பூத்த குறிஞ்சியின் கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகளுக்கு 2006-ல் நிற்க இடம் இல்லை. விதை நாலடிதான் தெறிக்கும் என்று சொன்னேன் அல்லவா? ஒரு சரிவில் சீகை மரம் மூடி வெயில் விழாமல் போய், அங்கே இருந்த குறிஞ்சி ஒருமுறை அழிந்துவிட்டால், அடுத்த மலையிலிருந்து தானாக நடந்து வராது.

சீகைக்கு அந்தப் பிரச்னை இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் தூங்கும். மரத்தை வெட்டினால் அடுத்த மழையில் ஆயிரமாக முளைக்கும். காட்டில் தீ பிடித்தால் இன்னும் சந்தோஷமாக முளைக்கும். அரசாங்கம் நடுவதை நிறுத்தியும் அது நிறுத்தவில்லை.

*

'சரி சார், ஒரு பூ போனால் போகிறது. அழகு குறையும். வேறு என்ன?' என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் உங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறது.

ஊட்டியில் இருக்கும் மத்திய அரசின் மண், நீர்வள ஆராய்ச்சியாளர்கள் கிளென்மார்கனில் ஒரு காரியம் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புச் சரிவுகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கு மேல் தைல மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் மரம் நட்ட சரிவில் தண்ணீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. மரத்தை வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்ட அடுத்த சுற்றில் சுமார் 25 சதவிகிதம்!

புல்வெளி ஒரு ஸ்பாஞ்ச். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் சொட்டுச் சொட்டாக விடும். பவானியும் அதன் துணை ஆறுகளும் அந்தச் சொட்டுகளில்தான் ஆரம்பிக்கின்றன. பில்லூர் அணைக்கு வருவதும், அங்கிருந்து கோவைக்கு வருவதும் அந்தத் தண்ணீர்தான். மூணாறு பக்கத்துச் சரிவிலிருந்து இறங்கும் பாம்பாறு, உடுமலைப்பேட்டை அருகே அமராவதி அணைக்கு வருகிறது. குறிஞ்சி நிற்கிற இடம் தண்ணீர் பிறக்கிற இடம். பூவை ஒரு அடையாளப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'இங்கே புல்வெளி உயிரோடு இருக்கிறது.'

இது மெதுவாகத்தான் உறைத்தது. 1980-களின் கடைசியில் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இடையில் சில ஆர்வலர்கள் குறிஞ்சியைக் காப்பாற்றச் சொல்லி நடந்தே போனார்கள். 2006-ல் தபால்துறை குறிஞ்சிக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அதே வருடம் இடுக்கி மாவட்டம் வட்டவடை, கொட்டாக்கொம்பூர் கிராமங்களில் 3,200 ஹெக்டேரைக் 'குறிஞ்சிமலை சரணாலயம்' என்று கேரள அரசு அறிவித்தது. ஒரு பூவுக்காகச் சரணாலயம்!

அறிவித்தது சுலபம். அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கும் பூண்டும் போடும், பெரும்பாலும் தமிழ் பேசும் விவசாயிகள் இருக்கிறார்கள். கூடவே, பெரிய பெரிய ஆட்கள் வளைத்துப்போட்டு 'கிராண்டிஸ்' என்ற தைல மரம் நட்ட நிலமும் இருக்கிறது. உண்மையான பட்டா எது, போலிப் பட்டா எது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 2017-ல், அடுத்த பூப்புக்கு ஒரு வருடம் இருக்கும்போது, சரணாலயத்தின் பரப்பைக் குறைக்கலாமா என்று பேச்சு எழுந்து பெரிய சர்ச்சை ஆனது. சின்ன விவசாயியின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பின்னால் பெரிய ஆள் ஒளிந்துகொள்வதுதான் நம் ஊர் வழக்கம்.

நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றவும் அழிந்த நிலத்தை மீட்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. சீகையை வேரோடு எடுத்துவிட்டுப் புல் நடும் வேலைகள் நடக்கின்றன. அதே வருடம் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நீலக்குறிஞ்சிக்குப் பாதுகாப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது. பிடுங்கினால் ஜெயில். 2024-ல், அழிவை நோக்கிப் போகக்கூடிய இனங்களின் சர்வதேச சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது. அது கௌரவமா, அவமானமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

*

அடுத்த பூப்பு 2030-ல். இப்போதே சொல்லிவைக்கிறேன், கூட்டம் அள்ளும். எல்லோர் கையிலும் செல்போன். செடிக்கு நடுவில் நின்று படம் எடுப்பார்கள். குழந்தைக்கு ஒரு கொத்து, காருக்கு ஒரு கொத்து என்று ஒடிப்பார்கள். ஒரு கொத்து போனால் என்ன என்று கேட்பார்கள். பூ வாடிய பிறகும் காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். ஒடித்த கொத்தில் விதை இல்லை. அந்தச் செடிக்கு மறு சான்ஸும் இல்லை.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வாழ்நாளில் ஆறு முறை மட்டுமே வரும் விஷயத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை, பூ இல்லாத வருடத்தில் போய்வாருங்கள். இரவிகுளத்துக்கோ, கொடைக்கானலின் வழி தப்பிய ஏதாவது ஒரு சரிவுக்கோ. பார்க்க ஒன்றுமே இருக்காது. புல், காற்று, மேகம். நடுவில் கறுத்த தண்டோடு முழங்கால் உயரத்தில் ஒரு புதர், பூவும் இல்லாமல் காயும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும். கூட வந்த பையன், 'என்னப்பா இது, ஒண்ணுமே இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டே?' என்று கேட்பான்.

சல்லிவன் காலத்தில் மலை ஏறி வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அவனிடமாவது கொஞ்சம் உட்காரவைத்து விளக்கிச் சொல்லுங்கள்.